கௌசலாவின் பத்துச் சக்கர லொறி

கௌசலாவுக்கு இரண்டு வாகனங்கள் சொந்தம். ஒன்று செட்டிகுளத்துக்கு வெளியே அவளுடைய வயலை உழுகிற லாண்ட்மாஸ்டர் உழவு மெசின். மற்றது பத்துச் சக்கர லொறி. அது வீட்டின் முன்னறையில், மேசைக்குக் கீழே இருக்கிற கொம்பியூட்டருக்குள் ஓடுகிறது. முதலாவதைப் பார்த்து ஊரில் யாரும் சிரிப்பதில்லை. இரண்டாவதைக் கேள்விப்பட்டுச் சிரிக்காத ஒரு ஆளைக் காட்டினால் என் கடையை அவருக்கே எழுதிக் கொடுப்பேன்.

என் பெயர் நவ்பர். செட்டிகுளம் கடைத்தெருவில் கொம்பியூட்டர் திருத்துகிறேன். பதினாறு வருடத் தொழில். வவுனியாவுக்கு இந்தப் பக்கம் உன்னைவிடக் கெட்டிக்காரன் உண்டா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. கௌசலா என்னைவிட நாலு வயது இளையவள், என்னை நானா, அதாவது அண்ணன், என்பாள், நான் தங்கச்சி என்பேன். அதனால் இங்கே அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

அவளுடைய தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். கௌசலா பிறந்தது இங்கேதான். பேச்சும் எங்களுடைய பேச்சுத்தான். கோபம் உச்சிக்கு ஏறினால் மட்டும் தாயின் மலைநாட்டுப் பேச்சு எங்கிருந்தோ வந்துவிடும். கணவர் பரமேஸ்வரன் கட்டாருக்குப் போய் ஒன்பது வருடம். அங்கே தொழிலாளர்களை ஏற்றி இறக்குகிற பஸ் ஓட்டுகிறார். அவர் போன மறுமாதமே கௌசலா லாண்ட்மாஸ்டரைத் தானாகப் பழகினாள். முதல் நாள் சொந்த வேலியைச் சாய்த்தாள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு வேலியைச் சாய்த்தாள். மூன்றாம் நாள் சாய்க்க வேலி இல்லாததால் நேராக ஓடினாள் என்பது ஊர்க்கதை. இப்போது அவளைப்போல வரம்பை ஒட்டி உழ இந்தப் பக்கத்தில் ஆளில்லை.

கொம்பியூட்டர் மகள் யதுர்ஷிகாவினுடையது. விளையாடுவதற்கென்றே பொறுக்கிப் பொருத்திய பெரிய கறுப்புப் பெட்டி. அந்தப் பிள்ளை மட்டக்களப்புக்குப் படிக்கப் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனது. தாயின் பெட்டியிலும், இங்கிருந்தபடியே கட்டாரில் தகப்பனின் அறை நண்பருடைய லாப்டொப்பிலும் ஒரே லொறி விளையாட்டைப் போட்டு, இரண்டு பேரும் ஒரே ரோட்டில் ஓடும்படி இணைத்துவிட்டது.

வாரம் ஆறு நாள் பஸ் ஓட்டுகிற மனிதர் லீவு நாளில் லொறி ஓட்டுவதா என்று நானும் கேட்டேன்.

“நானா, அந்த மனுசன் வாயைத் திறக்கோணும் எண்டா கையில ஸ்டியரிங் இருக்கோணும்,” என்றாள் கௌசலா. “போனில ‘ம்’. சாப்பிட்டீங்களோ எண்டா ‘ம்’. சுகமோ எண்டா ‘ம்’. கலியாணம் கட்டின புதிசில முல்லைத்தீவுக்கு லொறி ஓடேக்க என்னையும் பக்கத்தில ஏத்திக்கொண்டு போவார். ஏறினதில இருந்து இறங்கும் வரைக்கும் வாய் மூடமாட்டார். அந்த மனுசன் இப்ப வெள்ளிக்கிழமையில மட்டும்தான் எனக்குக் கிடைக்கிறார்.”

அப்படித்தான் ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் நாலு மணிக்கு அவர் கட்டாரிலிருந்தும் இவள் செட்டிகுளத்திலிருந்தும் லொறியை எடுப்பார்கள். இரண்டு மணித்தியாலம் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே கதைப்பார்கள். தலையில் மாட்டுகிற ஹெட்போன் அவளுடைய தோட்டைக் காதோடு சேர்த்து நசுக்குகிறது என்று வெளி ஸ்பீக்கரில்தான் கேட்பாள். பேஸ் பெட்டி, அதுதான் அடித்தொண்டைச் சத்தம் வருகிற பெரிய ஸ்பீக்கர், கொம்பியூட்டரின் தலைமேல் இருக்கும். பரமேஸ்வரனின் குரல் அதில் வந்தால் அலுமாரிக் கண்ணாடி அதிரும்.

போன நவம்பர் தொடக்கத்தில் கொம்பியூட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது. லொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, தானாகத் திரும்ப எழும்பும். எச்சரிக்கை இல்லை, நீலத் திரை இல்லை, ஒன்றும் இல்லை. அதுவும் சும்மா நேரத்தில் இல்லை. அவருடைய ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நிற்பதா, வீட்டுக்கே வந்துவிடுவதா என்று நவம்பர் முடிவதற்குள் கொம்பனிக்குச் சொல்லவேண்டும். அவர் லொறியை நேர் ரோட்டில் விட்டுவிட்டு, “கௌசல், உன்னட்ட ஒரு விசயம்...” என்று தொடங்குவார். படக்கென்று அணையும். பெட்டி எழும்பி, விளையாட்டு எழும்பி, இவள் ரோட்டுக்கு வர அஞ்சு நிமிசம். அதற்குள் அவர் போயிருப்பார்.

“போனில கேளுங்கோவன்,” என்றேன்.

“கேட்டனான். ‘ம்’ எண்டார்.”

“நீங்களாவது வாங்கோ எண்டு சொல்லுங்கோவன்.”

“நான் சொல்லி அவர் வந்தா, நாளைக்கு ஒரு கஸ்டம் வந்தா நான் சொல்லித்தானே வந்தவர் எண்டு ஆகும். அவர் வாயால வரோணும் நானா. நீங்க இந்தப் பெட்டியைத் திருத்தித் தாங்கோ.”

ஒரு குடும்பத்தின் தலைவிதியை ஒரு கறுப்புப் பெட்டியின் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

முதல் சனிக்கிழமை போய்த் திறந்தால் உள்ளே போன போகத்து நெல்லுத் தூசி முழுவதும் குடியிருக்கிறது. முகத்தில் அடித்தாற்போல் விளங்கியது எனக்கு. சூடு! சூடு ஏறினால் எந்தப் பெட்டியும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். விசிறியைக் கழற்றினேன், ஊதினேன், துடைத்தேன். முன் மூடியையும் கழற்ற வேண்டியிருந்தது. அதில் சந்தனத்திலும் குங்குமத்திலும் கொழுத்த பொட்டு ஒன்று இருந்தது. அவளுடைய லாண்ட்மாஸ்டரின் நெற்றியில் இருப்பதும் அதே அளவுதான். அடுத்தவருடைய சாமி காரியத்தில் நாங்கள் கை வைக்கக்கூடாது என்று என் வாப்பா சொல்லி வளர்த்தவர். மூடியை ஓரத்தில் மட்டும் பிடித்து, பால் நிறைந்த சட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கி வைத்தேன். ஒரு தூள் உதிரவில்லை. அன்று என் கைப்பக்குவத்தை நானே மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே குட்டவேண்டும் போலிருக்கிறது.

அடுத்த வெள்ளி திரும்பவும் அணைந்தது. “கௌசல், உன்னட்ட...” வரைக்கும்தான் வந்ததாம்.

கரண்ட் என்று சொல்லத் துடிக்கிறீர்கள், தெரியும். கிணற்று மோட்டர் போட்டால் வோல்ட் விழும், பெட்டி விழும். எனக்கு அது தெரியாதா? கடையில் இருந்த பற்றரிப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சுவர்ப் பிளக்குக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் பூட்டினேன். மோட்டரைப் போடச் சொன்னேன், நிறுத்தச் சொன்னேன், மெயின் சுவிச்சையே இறக்கிப் பார்த்தேன். வீடே இருண்டது, கொம்பியூட்டர் மட்டும் ஜம்மென்று எரிந்தது. வெற்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் வெள்ளி அணைந்தது.

இந்த முறை பெட்டியைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்தேன். வழியில் பொட்டு கலையக்கூடாதென்று அதற்குமேல் பொலித்தீன் சுற்றினேன். மெமரியை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். ஞாயிறு முதல் வியாழன் வரை ஐந்து நாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நானே லொறி ஓடினேன். தொழிலுக்காகத்தான். பெட்டி ஒரு தடவைகூட அசையவில்லை. பாலம், மலை, மழை எல்லாம் கடந்தேன். என் மனைவி றிஸ்பா பகல் சாப்பாடு கொண்டுவந்து அரை மணியாகக் கூப்பிட்டிருக்கிறா. நான் லொறி பின்னுக்கு எடுக்கிறேன், தள்ளி நில்லுங்கோ என்றேனாம்.

அவ சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டா. “இது அங்க எந்தெந்த நாள் அணைஞ்சது?”

“வெள்ளி.”

“மற்ற நாள்?”

“மற்ற நாளில அவ தனிய ஓடிப் பாக்கிறவ. ஒண்டும் ஆகிறேல்ல.”

“அப்ப பெட்டியை ஏன் பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்? வெள்ளிக்கிழமையைப் போய்ப் பாருங்கோ. மற்ற நாள் செய்யாத என்னத்தை கௌசலாப் பிள்ளை வெள்ளிக்கிழமையில செய்யுது?”

பதினாறு வருடத் தொழில் எனக்கு. அவவுக்கு ஒரு கேள்வி. ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் அவ கேட்டது சரி.

நாலாம் வெள்ளி. நவம்பரின் கடைசி வெள்ளியும் அதுதான். ஜும்ஆ தொழுகை முடிந்து நேராகப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டினேன். பக்கக் கதவுக்குத் திருகாணி போடாமல் சும்மா சாத்திவிட்டு, ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டேன்.

கௌசலா முழுகி, சேலை கட்டி, சாமி படத்துக்கு விளக்குக் கொளுத்தினாள். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு வெளியே போய் லாண்ட்மாஸ்டருக்கு ஒரு பொட்டு வைத்தாள். உள்ளே வந்தாள். கொம்பியூட்டருக்கு முன்னால் குனிந்தாள். பழைய பொட்டின்மேல் புதுச் சந்தனத்தை அப்பி, பெருவிரலால் ஒரு அமத்து அமத்தினாள். உழவு மெசின் பிடிக்கிற விரல்.

டிக்.

மிகச் சின்னச் சத்தம். அமத்தின ஏதோ ஒன்று பாதி உள்ளே போய்ச் சிக்கியது, வெளியே வரவில்லை.

“தங்கச்சி, இந்தப் பொட்டு எப்ப தொடக்கம் வைக்கிறீங்கள்?”

“இந்த வருசம் ஆயுத பூசையில இருந்துதான் நானா. லாண்ட்மாஸ்டருக்கு வைச்சிட்டு லொறிக்கு வைக்காட்டி அது சரியில்லைத்தானே. அவரும் ரோட்டில போறவர். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறன். பெரிய சுவிச்சில வைச்சா லைற் மறைஞ்சிடும். பக்கத்தில சின்ன வட்டமா ஒரு பள்ளம் இருக்கு. பொட்டு வைக்கிறதுக்கெண்டே செய்து விட்டிருக்கிறாங்கள்.”

அந்தப் பள்ளம் றீசெற் சுவிச். முழுக்க அமுங்கினால் பெட்டி செத்துத் திரும்பப் பிறக்கும்.

நான் வாய் திறப்பதற்குள் பேஸ் பெட்டி திறந்துவிட்டது. “கௌசல், கேக்குதோ?”

அவள் கதிரையில் பாய்ந்து ஏறி லொறியை எடுத்தாள். பரமேஸ்வரன் பஸ்ஸில் ஏசி வேலை செய்யாததைச் சொன்னார், அறை நண்பர் பருப்பில் சீனி போட்டதைச் சொன்னார். நான் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே இருந்த பேஸ் பெட்டி உறுமியது, கீழே குங்குமத் தூள் துள்ளியது. பாதி அமுங்கிய சுவிச் இன்னும் ஒரு மயிரிழை உள்ளே போனால் போதும், பெட்டி அணையும். சிரித்துக் கதைக்கும்போது அந்த மனிதரின் குரல் மேலே நிற்கிறது, ஆபத்தில்லை. முக்கியமான விசயத்துக்கு வந்தால் கிணற்றுக்குள் இறங்குகிறது. கொம்பியூட்டர் ஏன் எப்போதும் அதே இடத்தில் அணைந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“கௌசல்,” குரல் இறங்கத் தொடங்கியது. “மூண்டு தரம் கேக்க வந்தனான். மூண்டு தரமும் நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டாய்.”

“ஐயோ, நான் எங்க நிப்பாட்டினனான்? கொம்பியூட்டர்தான்...”

“அது சரியா அந்த இடத்திலதான் பழுதாகுமோ? சின்னப் பிள்ளைக்குச் சொல்லுறியே? நாளைக்குக் கொம்பனிக்குப் பதில் குடுக்கோணும். இந்த முறையும் நிப்பாட்டினா நான் இனிக் கேக்கமாட்டன். கையெழுத்து வைச்சிடுவன்.”

குங்குமம் துள்ளித் துள்ளித் தரையில் விழுகிறது. நான் கதிரையை உதைத்துவிட்டு மேசைக்குக் கீழே பாய்ந்தேன்.

“குரலை ஏத்தச் சொல்லுங்கோ!” என்று கத்தினேன். “அவரைக் கீச்சுக் குரலில கதைக்கச் சொல்லுங்கோ! குரல் இறங்கக்கூடாது!”

“அங்க ஆர்?” என்றது பேஸ் பெட்டி.

“நவ்பர் நானா,” என்றாள் கௌசலா.

“எங்க நிக்கிறார்?”

“மேசைக்குக் கீழ.”

“ஏன் மேசைக்குக் கீழ?”

“எனக்கும் தெரியேல்லங்க. நீங்க கொஞ்சம் கீச்சுக் குரலில கதைப்பீங்களோ?”

டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பக்கக் கதவைத் தள்ளினேன். சுவிச்சுகளில் இருந்து வருகிற வயர்கள் மதர்போட்டின் மூலையில் கொத்தாகக் குத்தியிருக்கும். அதில் எழுதியிருக்கிற எழுத்து எறும்பு அளவு. கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒன்றை இழுத்தேன், முன்னால் லைற் அணைந்தது. அது இல்லை. மேலே பரமேஸ்வரன், நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, பாவம், பெண்சாதி கேட்டுவிட்டாள் என்று பூனைக்குட்டிக் குரலில் கதைத்துக்கொண்டிருந்தார். “கௌசல்... நான் வந்திடட்டோ... எண்டுதான்...”

அந்தக் குரலிலேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒன்பது வருடத்துக் கேள்வியைப் பூனைக்குட்டிக் குரலில் யாரால் கேட்க முடியும்? அவர் தொண்டையைச் செருமினார். பேஸ் பெட்டி ஒரு உறுமல் உறுமியது. நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வயரை இழுத்தேன்.

“நான் வீட்டை வந்திடட்டோ கௌசல்? அங்க இப்ப எல்லாம் நீதானே பாக்கிறாய். வயலும் நீ, மெசினும் நீ. நான் வந்து என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல. நீ நிப்பாட்டிப்போட்டுப் போகேக்க எல்லாம், என்னை வேண்டாம் எண்டுதான் நினைச்சன்.”

அணையவில்லை. லொறி இரண்டும் நேர் ரோட்டில் ஓடிக்கொண்டே இருந்தன.

கௌசலாவின் வாயில் அவளுடைய தாயின் மலைநாட்டுப் பேச்சு வந்தது.

“வாங்க! வாங்கன்னா வாங்க! ஒம்போது வருஷமா இங்க எவ வேணாங்கிறா? வேலிய சாச்சப்ப எவ அழுதா, மோட்டர் எரிஞ்சப்ப எவ அழுதா? என்னத்த செய்யறதுன்னு தெரியலையாம். வந்து சும்மா உக்காருங்க! எனக்கு அது போதும்!”

அந்தப் பக்கம் அவருடைய லொறியின் ஹோன் நீளமாக அடித்தது. இவளும் அடித்தாள். இரண்டு ஹோனும் நிற்கவேயில்லை. வெளியே நாய் குரைத்தது, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நான் மேசைக்குக் கீழே டோர்ச்சை வாயில் கவ்வியபடி அழுதுகொண்டிருந்தேன். தூசி கண்ணில் விழுந்தது என்று சொல்லலாம்தான், ஆனால் அந்தப் பெட்டியில் தூசி ஏது, நானே துடைத்தேனே.

பேஸ் பெட்டியின் சத்தத்தைக் குறைத்திருந்தாலே அன்று போதும். அது எனக்கு மோட்டார் சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது. தயவுசெய்து றிஸ்பாவிடம் சொல்லவேண்டாம்.

பிழை எங்கே இருந்தது என்று கௌசலாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. சுற்றிவளைத்துச் சொன்னேன். அவள் பொட்டைப் பார்த்தாள், தன் பெருவிரலைப் பார்த்தாள்.

“அப்ப சாமிக்குப் பிடிக்காமலோ நிப்பாட்டினது?”

“சாமி ஒண்டும் செய்யேல்ல தங்கச்சி. உங்கட விரல்தான். ஆனா இனிப் பயமில்லை. அந்தச் சுவிச்சின்ர வயரைக் கழட்டிட்டன். உள்ளுக்கு ஒண்டோடயும் தொடர்பில்லை. இனி அது பொட்டு வைக்கிற இடம் மட்டும்தான்.”

“முதல் நாளே இதில கையை வைச்சுப் பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களே நானா?”

“வைக்கக்கூடாது எண்டு நினைச்சன்.”

அவள் சிரிக்கத் தொடங்கி, கதிரையில் இருக்க முடியாமல் எழும்பிப் போய்க் குசினி அடுப்படியில் நின்று சிரித்தாள்.

ஜனவரி கடைசியில் பரமேஸ்வரன் வந்தார். ஊர் கூடிப் போய்ப் பார்த்தது. மூன்று வாரம் கழித்துக் கௌசலா கடைக்கு வந்தாள். கதிரையில் இருந்து பெருமூச்சு விட்டாள்.

“நானா, குசினி வரைக்கும் ஒரு வயர் இழுக்கலாமோ?”

“ஏன்?”

“சாப்பிட்டீங்களோ எண்டா ‘ம்’. நித்திரை வந்ததோ எண்டா ‘ம்’. மூண்டு கிழமையா ‘ம்’. எனக்குத் தலை வெடிக்குது.”

விளங்கிவிட்டது. கடையில் கிடந்த பழைய லாப்டொப் ஒன்றை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போனேன். முன்னறையிலிருந்து குசினிக்கு வயர் இழுத்தேன். பரமேஸ்வரன் தேங்காய் துருவுகிற பலகையைத் தள்ளி வைத்துவிட்டு லாப்டொப்புக்கு முன்னால் இருந்தார். கௌசலா முன்னறையில் பொட்டு வைத்தாள், நன்றாக அமத்தி. நாலு மணிக்கு இரண்டு லொறியும் புறப்பட்டன. இடையில் ஒரு சுவர்தான்.

நான் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பேஸ் பெட்டி செருமியது.

“கௌசல்,” என்றது, அடித்தொண்டையில். “சும்மா வந்து இருங்கோ, அது போதும் எண்டு நீ சொன்னாய் பார். ஒன்பது வருசத்தில ஒருத்தரும் எனக்கு அப்பிடிச் சொல்லேல்ல. வந்த நாள் தொடக்கம் இதைத்தான் சொல்லத் திரியிறன். உன்ர முகத்தைப் பாத்தா வாய் வருகுதில்லை.”

குங்குமத் தூள் துள்ளியது. பெட்டி அணையவில்லை. கௌசலா லொறியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பினாள். குசினிப் பக்கம் ஒரு அடி வைத்தாள். பிறகு போகாமல் திரும்பவும் கதிரையில் வந்து இருந்தாள்.

“ஓடுங்கோ,” என்றாள். “நிப்பாட்டாமல் ஓடுங்கோ. இன்னும் கதையுங்கோ.”